ஆள் கூடினால் நாள் குறையும்

சென்ற சனிக்கிழமை நீங்கள் எல்லாரும் எனக்குக் கை தட்டினீர்கள். நான் எழுந்து கழிவறைப் பக்கம் போய்விட்டேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. காரணத்தை வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கண் நன்றாகத் தெரிகிறவர் யாராவது அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

நடந்ததை நினைவூட்டுகிறேன், நம் வயதில் ஒரு வாரம் என்பது ரொம்ப தூரம். பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மறதி வராது என்று எந்த டாக்டரோ சொன்னாராம். நமக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்க்க வருகிற சின்னப் பெண், ஆரம்பப் பள்ளிப் பயிற்சித் தாள்களை நகலெடுத்து வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

"எல்லாம் சின்னப் பிள்ளைங்க கணக்குதான் ஆன்டி. ஈசி லா."

ஈசியாம்! போர்ட் கிள்ளானில் ஆயுசு முழுக்கக் கிராணியாக ஆபீஸ் கணக்கெழுதிய நம் நண்பர், நீண்ட வகுத்தலில் அடுத்த எண்ணை எப்போது கீழே இறக்குவது என்று தெரியாமல் விழித்தார். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற அம்மையார், பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது எதைத் தலைகீழாக்குவது, முதலாவதையா இரண்டாவதையா என்று கேட்டார். பாதிப்பேர் முதலாவது என்றீர்கள், பாதிப்பேர் இரண்டாவது என்றீர்கள். கூட்டல் முதலா பெருக்கல் முதலா என்பதில் இரண்டு பேர் கைகலப்புக்கே போயிருப்பார்கள், நல்லவேளையாகத் தேநீர் வந்தது. நானும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. கழித்தலில் பக்கத்து எண் பூஜ்யமாக இருந்தால் யாரிடம் கடன் வாங்குவது என்பது மறந்துபோய்ப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் பெண் கடைசிக் கணக்கை வாசித்தாள். பத்துப் பேர் ஒரு சுவரை ஆறு நாளில் கட்டினால் இருபது பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள்? பன்னிரண்டு என்று பல குரல்கள் வந்தன. நான் "மூன்று" என்றேன். எப்படி ஆன்டி என்று கேட்டாள். "ஆள் கூடினால் நாள் குறையும்" என்றேன், சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ராகத்தோடு. நீங்கள் சிரித்தீர்கள், கை தட்டினீர்கள்.

அதே வரிக்கு எனக்கு முன்பும் ஒருமுறை கை தட்டியிருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் கிராணி. தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கேங்குகளுக்கு வருகைப் பதிவு எழுதுவது அவர் வேலை. எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்கட்டு, பின்கட்டு, குசினி எல்லாம் உண்டு. பெரிய கால்வாயைத் தாண்டினால் கேங்கு ஆட்களின் லயம், ஓர் அறை வீடுகள். நடுவில் ஒரு பலகைப் பாலம். நிலக்கரி கிடைக்காமல் விறகு போட்டு இஞ்சின் ஓட்டிய காலம் அது. வண்டி போகும்போதெல்லாம் நெருப்புப் பொறி பறந்து வந்து கொடியில் காயும் துணியில் பொத்தல் போடும். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார்கள். இருட்டு விலகுவதற்கு முன்பே பள்ளிக்கூடம் போனோம். அங்கே நிப்போன் பாட்டுப் பாடினோம், நிப்போன் எழுத்து எழுதினோம், மிச்ச நேரத்தில் திடலைக் கொத்தி மரவள்ளி நட்டோம். கணக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. அவருக்குக் கணக்கென்றால் உயிர். சிலேட்டு உடைந்துவிட்டது, தாள் கிடைக்காது. ஆகவே வாசற்கதவின் உட்பக்கத்தில் எழுதுவார். ரயில்வே பூசிக் கொடுத்த கரும்பழுப்புக் கதவு அது. சரக்கு வேகன்களில் குறி போடும் தடித்த சுண்ணாம்புக் கட்டி அவரிடம் எப்போதும் உண்டு. மாலையில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காகக் கதவைத் திறந்து வெளிச்சம் படும்படி வைத்து, பின்னமும் வட்டியும் மும்மை விதியும் எழுதிப் போடுவார். நான் மணையில் உட்கார்ந்து ஒப்பிப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்தோ. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் ஒரு விதி இருக்கிறது என்று நம்பினேன்.

லயத்து ஆட்களும் அப்படித்தான் நம்பினார்கள். மரவள்ளியைப் பங்கு பிரிக்க வேண்டுமா, பிள்ளையின் வயது தெரிய வேண்டுமா, "கிராணி ஐயாவக் கேட்டா சொல்லிருவாரு" என்பார்கள்.

அவர்களில் ஒருவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவில்லை, பழக்கம். அதிகாலையில் ஒரு நீளப்பிடிச் சுத்தியலோடு தண்டவாளம் நெடுக நடந்து, தளர்ந்த ஆப்புகளைத் தட்டி இறுக்குவார். படுக்கையில் கிடந்தபடியே அந்தச் சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டி பந்தாய் பக்கம் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் பெண்சாதியை அத்தை என்பேன். கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்திருந்தால் அதிகம். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. தோட்டத்தில் ஒரு தம்பி மட்டும் இருந்தான். மாலையில் பாலத்தைத் தாண்டி வந்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். தேங்காய் எண்ணெய் கிடைக்காததால் செம்பனை எண்ணெய் தடவுவாள், தலையணையெல்லாம் செம்மஞ்சளாகிவிடும். அம்மா திட்டுவாள். எனக்கு அந்த வாடையே பிடித்துப்போயிருந்தது.

ஒருநாள் அப்பா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் குசினியில் உட்கார்ந்தார். அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"சயாமுக்கு ரயில் பாதை போட ஆளு கேக்குறான். ஒவ்வொரு செக்‌ஷனும் ஆளு கொடுக்கணுமாம். கொடுக்கலன்னா ஆபீஸ் ஆளுங்களயே லோரியில ஏத்திருவேன்றான்."

"எத்தன நாளைக்காம்?"

"மூணு மாசம்னு சொல்றான்."

அம்மா அடுப்பை ஊதினாள். நான் மரவள்ளி எப்போது வேகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கேங்கு ஆட்கள் எங்கள் வாசலில் வந்து குந்தினார்கள். சயாம் விஷயம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. போகலாமா வேண்டாமா என்று கிராணி ஐயாவிடம் கேட்க வந்திருந்தார்கள். பெண்கள் பாலத்தருகே நின்றார்கள்.

"மூணு மாசத்துல அவ்ளோ தூரம் பாதை போட முடியுங்களா ஐயா?" என்று மாமாதான் கேட்டார். "நாங்க போட்டவங்க. ஒரு மைல் போடறதுக்கே எங்களுக்கு எவ்ளோ நாளாகும்னு உங்களுக்குத் தெரியும்."

அப்பா கதவை விரியத் திறந்தார். முந்தின பாடத்தைத் துணியால் துடைத்தார்.

"ஆயிரம் பேரு செஞ்சா இந்த வேல பன்னெண்டு மாசம் பிடிக்கும்னு வெச்சுக்குங்க. இப்போ நாலாயிரம் பேரு போறாங்க." எண்களைப் பெரிதாக எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இவங்களுக்குச் சொல்லு. ஆள் கூடினால்?"

"நாள் குறையும்!"

"ஆளு எத்தன மடங்கு கூடுது?"

"நாலு மடங்கு."

"அப்போ நாளு?"

"நாலுல ஒண்ணு. மூணு மாசம்!"

முதலில் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லாரும். மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, மடியிலிருந்து ஒரு கரும்புத் துண்டு எடுத்துக் கொடுத்தார். பாலத்தருகே அத்தை இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்கும் பெருமை தாங்கவில்லை, இருந்த கொஞ்சம் காப்பித்தூளைக் கொட்டி எல்லாருக்கும் கறுப்புக் காப்பி கொடுத்தாள். அந்த மாலையில் நான் இருந்த சந்தோஷத்தில் அதற்குப் பிறகு சில நாட்கள்தான் இருந்திருக்கிறேன். என் கல்யாண நாளைக்கூட அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அந்த வாரமே மாமாவும் கேங்கில் பாதிப்பேரும் லோரியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனார்கள். மற்ற பெண்கள் அழுதார்கள். அத்தை அழவில்லை. "மூணே மாசம்தானேக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்தக் கதவுக் கணக்கை மட்டும் துடைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் போய் நின்று அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுத்தான் என் தலையைப் பின்னுவாள்.

ஒருநாள் ஓடி வந்தாள், மூச்சு வாங்கியது.

"ஐயா, இன்னிக்கும் லோரி லோரியா ஆளு போகுது. ரோட்டுல நின்னு பாத்தேன். அப்போ நாளு இன்னும் கொறையும்தானே?"

அப்பா சிரித்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன், எழுதப் படிக்கத் தெரியாத பெண் விதியைப் பிடித்துக்கொண்டாளே என்று. சுண்ணாம்பை எடுத்து நாலாயிரத்தை ஆறாயிரமாக்கினார். மூன்று மாதம் இரண்டு மாதமானது. அத்தை கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் ரோட்டிலேயே கிடந்தாள். தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துவரும் லோரிகள் ஸ்டேஷனுக்கு எங்கள் வழியாகத்தான் போகும். ஆட்கள் ஆடுமாடுகளைப்போல நெருக்கி நிற்பார்கள். சிலர் அழுவார்கள், சிலர் யாரிடமாவது சேதி சொல்லச் சொல்லி ஊர்ப் பெயரைக் கத்துவார்கள். தெருவில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அத்தை மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக, விரல்விட்டு எண்ணியபடி, கையை ஆட்டுவாள். கூடவே நானும் நின்று ஆட்டியிருக்கிறேன். லோரி நிறைய நிறைய மாமா கிட்டே வந்துகொண்டிருக்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், அந்த லோரியில் நின்றவர்களுக்குத்தான் தெரியாது.

லயத்துப் பெண்கள் அப்போது மிச்சமிருந்த ஆண்களைப் புதருக்குள்ளும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் ஒளித்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். குழாயடியில் அத்தை அவர்களிடம் நியாயம் பேசினாள். "ஒளிச்சு வெக்காதீங்கக்கா. எல்லாரும் போனாத்தான் எல்லாரும் வெரசா வருவாங்க. கிராணி ஐயா கதவுல எழுதி இருக்கு." ஒரு பெண் அத்தையின் குடத்தைப் பிடுங்கித் தண்ணீரை அவள் காலடியிலேயே கவிழ்த்தாள். "ஒம் புருஷன் வரணும்னு என் புருஷன அனுப்பச் சொல்றியா?" என்று கேட்டாள். அத்தைக்கு அது புரியவில்லை. ஈரச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "இவங்களுக்குக் கணக்கு வெளங்க மாட்டேங்குது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். நானும் தலையை ஆட்டினேன்.

பிறகு கிள்ளானிலிருந்து தம்பி வந்தான். சைக்கிளில் ஒரு சாக்கு மரவள்ளி கட்டிக்கொண்டு அக்காளைப் பார்க்க வந்தவன். மீசை அரும்பாத பையன், சிரித்தால் ஈறு தெரியும். தோட்டத்தில் தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, அக்காளிடம் ஒளிந்துகொள்ளத்தான் வந்தான். அத்தை அவனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"நீ போனா மாமா இன்னும் சீக்கிரம் வந்துருவாருடா. நீயும் அவரோடவே வந்துரலாம். பாப்பா, இவனுக்குச் சொல்லேன்."

நான் சொன்னேன். அதே ராகத்தில்தான். அப்பா முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. அவர் எழுந்து வந்து ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், ஏனென்றால் கூடுதல் ஆள் என்றால் அவர்தானே கதவில் எண்ணை மாற்றுவார். அவர் எழுந்திருக்கவில்லை. தம்பி மறுநாள் சைக்கிளை எங்கள் பின்கட்டில் சாத்திவிட்டுப் போனான். மழையில் அதன் சங்கிலி துருப்பிடித்துக் கரைந்தது. யாரும் அதை ஓட்டவில்லை.

இரண்டு மாதம் போனது, மூன்று மாதம் போனது. "வேல ஆரம்பிச்ச நாள் தள்ளிப் போயிருக்கும்மா" என்றார் அப்பா. அடுத்த முறை, "அங்க மழையா இருக்கும்" என்றார். அதற்கடுத்து அவர் ஆபீசிலிருந்து பின்கட்டு வழியாக வரத் தொடங்கினார். அத்தை வந்தால் குளிக்கிறார் என்று சொல்லச் சொல்வார். எனக்குக் கணக்குச் சொல்லித்தருவதையும் நிறுத்திவிட்டார். கதவு நிரம்பிவிட்டது என்று காரணம் சொன்னார். சுண்ணாம்பு எழுத்து மங்கும்போதெல்லாம், அவர் இல்லாத நேரம் பார்த்து, அத்தை என்னை அதன்மேல் திரும்ப எழுதச் சொல்வாள். நானும் எழுதிக் கொடுப்பேன். அப்படி ஒரு கதவு. இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, நீங்களும் அங்கேதான் ரயில் மாறுகிறீர்கள்.

ஜப்பான்காரன் போன பிறகு கேங்கில் ஒருவர் திரும்பி வந்தார். ஒருவர்தான். முழங்காலுக்குக் கீழே புண் புரையோடிப்போய், இரண்டு பேர் தாங்கிப்பிடித்துப் பாலத்தைத் தாண்டவைத்தார்கள். மாமா பேதியில் போனதாகச் சொன்னார். போன சூட்டில் இல்லை. மூன்று மாதம் தாண்டி, நாலு தாண்டி, மழை விடாமல் கொட்டிய ஒரு மாதத்தில். அதுவரைக்கும் வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். தம்பியை அவர் பார்க்கவே இல்லை. அங்கே எத்தனையோ கேம்பு என்றார்.

அத்தை அன்று வரவில்லை. மறுநாள் மாலையில் வந்தாள். தாலி இல்லாத கழுத்தை முந்தானையால் மூடியிருந்தாள். அப்பா முன்கட்டில் இருந்தார், ஓடி ஒளிய நேரமில்லை. அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் பயந்தேன். அம்மாவும் பயந்துதான் குசினி வாசலில் வந்து நின்றாள். அத்தை நேராகக் கதவுக்குப் பின்னால் போய், வழக்கம்போல அந்தக் கோடுகளைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, கணக்குப்படி அவரு அந்த மழைக்கு முன்னாடியே வந்திருக்கணும். வந்திருந்தா பேதி வந்திருக்காது. நான்தான் ஆள சரியா எண்ணலியோ? லோரியில நின்னவங்களத்தான் எண்ணுனேன். உள்ள கீழ உக்காந்திருந்தவங்கள விட்டுட்டேன். அதனாலதான் நாளு தப்பாப் போச்சா?"

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் தம் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"இருக்கும்" என்றார்.

அத்தை தலையை ஆட்டினாள். தனக்குத் தெரிந்த ஒன்றைப் பெரியவர் ஒப்புக்கொண்டதுபோல ஆட்டினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான்தான் எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்" என்று சொல்லியபடி எழுந்து பாலத்தைத் தாண்டிப் போனாள். சில நாளில் கிள்ளான் தோட்டத்துக்கே போய்விட்டாள். நான் அவளை அப்புறம் பார்க்கவில்லை.

அப்பா நல்லவர் என்றுதான் பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லாரும் சொல்வார்கள். முதிர்ந்த வயதில்தான் போனார். சாவுக்குக் கூட்டம் வந்தது. அவர் நம்பித்தான் அந்தக் கணக்கைப் போட்டார் என்று நானும் இத்தனை காலம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை கழிவறையில், உங்கள் கைதட்டல் ஓயக் காத்து நின்றபோதுதான் உறைத்தது. ஆயிரம் பேருக்குப் பன்னிரண்டு மாதம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. ஆபீசில் சொன்னது மூன்று மாதம் என்ற விடை மட்டும்தான். அப்பா விடையை வைத்துக்கொண்டு அதற்கேற்ற கணக்கைக் கட்டி, அதை என் வாயில் சொல்ல வைத்திருக்கிறார். லோரியில் அவர் ஏறாமல் இருப்பதற்கு யாராவது ஏற வேண்டியிருந்தது. அவர் ஏறியிருந்தால் எனக்கு அப்பா இருந்திருக்க மாட்டார் என்பதையும் யோசித்தேன். யோசித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் ரொம்பக் கூசுகிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுகூட இல்லை. அத்தை தரையில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்ட அந்த மாலையில் நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். லோரியில் உட்கார்ந்திருந்தவர்களை அவள் விட்டுவிட்டிருந்தால், அவர்களையும் சேர்த்துப் போட்டுப்பாருங்கள். ஆள் கூடும். ஆள் கூடினால் நாள் இன்னும் குறையத்தான் வேண்டும், நீளாது. அவள் எண்ணியதில் தப்பே இருந்தாலும் அந்தத் தப்பால் மாமா வரத் தாமதமாகியிருக்க முடியாது. அப்பாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.